வீட்டில் பிள்ளை பார்ப்பவரும் வீடு தேடி வரும் சிகிச்சையாளரும்

புதிய குடியிருப்புகளில் அயலவர் பிள்ளைகளைத் தமது வீட்டில் வைத்துப் பகலில் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக இந்தப் பகுதி எழுதப்பட்டுள்ளது. அவர்களிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போகும் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் பிள்ளைகளில் ஒருவருக்கு நடக்கவோ, பேசவோ, விழுங்கவோ, கேட்கவோ, மற்றவர்களோடு பழகவோ சிரமம் இருந்தால், அந்தப் பிள்ளைக்காக ஒரு சிகிச்சையாளர் உங்கள் வீட்டுக்கே வரக்கூடும். அப்போது என்ன ஆயத்தம் செய்வது, அவரிடம் எதைக் கேட்டுப் பழகுவது, மற்றப் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது என்பவற்றை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

வீடு மாறியபோது தூரமான பிள்ளை மடுவம்

லயத்தில் இருந்த காலத்தில் பிள்ளை மடுவம் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம். பாலூட்டும் தாய் இடையில் வந்து போகலாம். 1992இல் தொடங்கப்பட்டு இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அழைக்கப்படும் நிறுவனம், இந்த மடுவங்கள் பலவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களை அமர்த்தியது.

மண்சரிவுக்குப் பிறகு குடும்பங்கள் இடம் மாறும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. தப்பிய குடும்பங்கள் பூனாகலையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கியிருந்து, 2016இல் மாகல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பின் பதுளை மாவட்டத்தில் இன்னும் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பாதுகாப்பான நிலம் கிடைக்கிற இடத்தில்தான் புதிய வீடுகள் அமைகின்றன. பழைய மடுவத்துக்குப் பக்கத்தில் அவை அமைவதில்லை.

ஆகவே குடியிருப்பில் உள்ள ஓர் அக்காவோ பெரியம்மாவோ நான்கைந்து பிள்ளைகளைத் தன் வீட்டில் பார்க்கத் தொடங்குகிறார். பெற்றோர் மாதம் முடிய ஒரு தொகை கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைத்தான் இங்கே வீட்டுப் பகல் பராமரிப்பு என்கிறோம்.

விசேட தேவையுடைய பிள்ளை இந்த ஏற்பாட்டில் எளிதாக விடுபட்டுப் போகிறது. “எனக்குப் பயமா இருக்கு, ஏதும் ஆயிட்டா நான் என்ன சொல்றது” என்று பார்ப்பவர் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் மறுத்தால் அந்த வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கிறது. தாய் வேலையை விடுகிறார், அல்லது பிள்ளை வயதான அம்மாயியிடமும் பள்ளிக்கூடம் போகவேண்டிய அக்காவிடமும் மாறி மாறி விடப்படுகிறது. சில வீடுகளில் பிள்ளை கதவு சாத்திய காம்பராவுக்குள் நாள் முழுதும் படுத்தே இருக்கிறது. சிகிச்சையாளரின் வருகையைச் சரியாகப் பயன்படுத்தினால், பயந்து மறுத்தவரும் துணிந்து ஏற்றுக்கொள்வார். அந்த வருகை தொந்தரவாக முடிந்தால், ஏற்றுக்கொண்டவரும் விட்டுவிடுவார்.

யார் வருவார்கள்?

வருபவர்கள் எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் அல்லர். யார் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் எதைக் கேட்பது என்றும் தெரியும்.

இயன்மருத்துவர், நாம் பிசியோ என்று சொல்பவர், தலை நிற்பது, இருப்பது, நிற்பது, நடப்பது, கைகால் இறுக்கம் ஆகியவற்றைப் பார்ப்பார்.

தொழில்வழிச் சிகிச்சையாளர் என்ற பெயரைப் பார்த்து வேலை தேடித் தருபவர் என்று நினைக்க வேண்டாம். பிள்ளை தானே சாப்பிட, உடுத்த, கழிவறை போக, விளையாடப் பழக்குபவர் அவர். இருக்கை, கரண்டி, படுக்கை ஆகியவற்றைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றவும் சொல்லித் தருவார்.

பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சோடு நிற்பதில்லை. மெல்லுவதும் விழுங்குவதும்கூட அவர் வேலையில் அடங்கும். சாப்பிடும்போது பிள்ளை அடிக்கடி இருமினால் அவரிடம் சொல்லுங்கள்.

இவர்களைத் தவிர, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வுத் திட்டத்தில் வேலை செய்பவர்கள், குடும்பநல உத்தியோகத்தர், தொண்டு நிறுவனங்களின் களப் பணியாளர்கள் ஆகியோரும் வரலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரிச் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் கிளினிக்கில்தான் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்பதற்காக பதுளை பெரியாஸ்பத்திரியிலோ தியத்தலாவை ஆஸ்பத்திரியிலோ கொடுத்த கிளினிக் திகதியை விட்டுவிடக் கூடாது.

ஒரு மணி நேரமும் 192 மணி நேரமும்

சிகிச்சையாளர் மாதம் ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை உங்களிடம் நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 24 நாள் இருந்தால், அது 192 மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பிள்ளையின் காலை நீட்டி மடக்கிவிட்டுப் போனால் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க முடியாது. பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி இருத்துவது, எப்படி ஊட்டுவது என்று உங்களுக்குப் பழக்கிவிட்டுப் போனால், மீதி 192 மணி நேரமும் பிள்ளைக்குப் பயன்படும்.

இது நாமாகக் கண்டுபிடித்த வழி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட சமுதாயப் பயிற்சிக் கைநூல், பிள்ளைக்குப் பழக்கும் பொறுப்பை வீட்டில் உள்ளவரிடமே கொடுக்கும்படி எழுதப்பட்டது. இலங்கையில் சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு 1994இல் தேசியத் திட்டமாகத் தொடங்கியது. வளர்ச்சி தாமதமான பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கென அதே நிறுவனம் பின்னர் தயாரித்த பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் உள்ளன. விளையாட்டிலும் அன்றாட வீட்டு வேலைகளிலும் பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதையே அது பார்ப்பவருக்குக் கற்றுக்கொடுக்கிறது.

ஆகவே சிகிச்சையாளர் வந்ததும் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள். அவர் செய்வதைப் பாருங்கள். பிறகு அவர் முன்னாலேயே நீங்கள் செய்து காட்டுங்கள். தவறாகச் செய்தால் அவர் அங்கேயே திருத்துவார். செய்து காட்டாமல் தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டால், அடுத்த நாள் பாதி மறந்துபோகும்.

வருவதற்கு முன்

முதலில் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பிள்ளையை நீங்கள் நாள் முழுதும் பார்த்தாலும், சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். ஒரு கொப்பியில் “என் பிள்ளையை இன்னார் வீட்டில் வைத்துச் சிகிச்சையாளர் பார்ப்பதற்குச் சம்மதம்” என்று எழுதி, பெற்றோர் கையெழுத்து வைத்தால் போதும். படம் அல்லது வீடியோ எடுப்பதற்குச் சம்மதமா இல்லையா என்பதைத் தனியாக எழுதுங்கள்.

இரண்டாவது, நேரம். முதல் வருகையிலாவது தாயோ தகப்பனோ கூட இருப்பது நல்லது. பிள்ளை பிறந்த விதம், வலிப்பு வந்த காலம், கொடுக்கும் மருந்து ஆகியவை அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு நாள் போனால் பேர் போய்விடும். சிகிச்சையாளர் வரும் நாளை ஒரு கிழமைக்கு முன்னாவது கேட்டு வாங்கி, அரைப்பேரோடு வர முடியுமா, பகல் கொழுந்து நிறுத்த பிறகு வர முடியுமா என்று பெற்றோரோடு பேசுங்கள். ஞாயிறும் போயாவும் பெற்றோருக்கு வசதி. ஆனால் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் அவை விடுமுறை நாட்கள். தாய் வரவே முடியாவிட்டால், அவரிடம் கேட்க வேண்டியவற்றை முதல் நாளே கொப்பியில் எழுதி வையுங்கள். இடைவேளையில் தொலைபேசியில் பேச முடியுமா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, பிள்ளையின் நேரம். தூக்க நேரத்திலும் பசி நேரத்திலும் எந்தப் பிள்ளையும் ஒத்துழைக்காது. “இவன் பதினொரு மணிக்குத் தூங்கிடுவான், ஒன்பதரைக்கு வந்தா நல்லா இருப்பான்” என்று நீங்கள் சொல்லலாம். சிகிச்சையாளர் இதை ஒரு குறையாக எடுக்கமாட்டார். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளை என்றால், சாப்பாட்டு வேளையிலேயே அவரை வரச்சொல்லுங்கள். ஊட்டுவதை நேரில் பார்த்தால்தான் அவரால் வழி சொல்ல முடியும்.

நான்காவது, ஆயத்தமாக வைக்கவேண்டியவை. பிள்ளைக்குக் கிளினிக்கில் தந்த சுகாதாரப் பதிவுப் புத்தகம், ஆஸ்பத்திரித் துண்டுகள், கொடுக்கும் மருந்துப் போத்தல் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். மண்சரிவில் இந்தப் புத்தகம் தொலைந்திருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, புதிதாக ஒன்று பெறும் வழியைக் கேளுங்கள்.

வீட்டில் எந்த இடம்?

புதிய வீடுகள் பலவற்றில் 7 பேர்ச்சஸ் காணியில் இரண்டு அறையும் ஒரு கூடமும் குசினியும்தான் உண்டு. இதில் சிகிச்சைக்கென்று தனி அறை ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்கவும் கூடாது. வழக்கமாகப் பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் போதும். பிள்ளை எந்த இடத்தில் சாப்பிடுகிறதோ, எந்த இடத்தில் விளையாடுகிறதோ, அங்கேயே பழகினால்தான் அந்தப் பழக்கம் நிற்கும்.

சில சிறிய ஏற்பாடுகள் உதவும்.

தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். மலைக் குளிரில் சீமெந்துத் தரை சில்லென்று இருக்கும். குளிர்ந்தால் இறுக்கமான கைகால் இன்னும் இறுகும். பாய்க்குக் கீழே ஒரு பழைய கம்பளியை விரியுங்கள்.

காது மந்தமான பிள்ளைக்கு முன்னால் இருப்பவரின் முகம் தெரிய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நீங்கள் உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் வாயசைவு பிள்ளைக்கு இருட்டாகத் தெரியும்.

சத்தத்துக்கு மிரளும் பிள்ளை என்றால் அந்த ஒரு மணி நேரம் டீவியையும் ரேடியோவையும் நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை நிறுத்த முடியாது. அப்படியான நாளில் பிள்ளை குழம்பினால் சிகிச்சையாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள்.

விலைகொடுத்துச் சாமான் வாங்கவேண்டாம். சுருட்டிய பெட்சீட், மண் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் போத்தல், சுவர் மூலை, பழைய மரப்பெட்டி ஆகியவற்றை வைத்தே பல பயிற்சிகளைச் செய்யலாம். “எங்க வீட்ல இருக்கிறதை வைச்சு எப்படிச் செய்றது?” என்று கேளுங்கள்.

மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

புதிதாக ஒருவர் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நிற்கும். அது இயல்பு. விரட்டினால், அந்த ஒரு பிள்ளை மட்டும் ஏதோ வேறு என்ற எண்ணம் அவர்கள் மனதில் விழும். அதே நேரம், நீங்கள் சிகிச்சையாளரிடம் பழகிக்கொண்டிருக்கும்போது மூன்று வயதுப் பிள்ளை அடுப்பங்கரைக்குப் போய்விடவும் கூடாது.

எனவே வருகை நாளில் இன்னொரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். அயல்வீட்டு அம்மா, ஓய்வில் இருக்கும் தாத்தா, அன்று வேலை இல்லாத ஒரு பெற்றோர், யாராக இருந்தாலும் நம்பகமானவராக இருக்கட்டும். பெற்றோர்கள் முறை போட்டு ஆளுக்கு ஒரு மாதம் வரலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அன்று மறித்து நிறுத்தாதீர்கள்.

மற்றப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவும் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். பந்து உருட்டுவது, கைதட்டிப் பாடுவது, மாறி மாறிக் கட்டை அடுக்குவது எல்லாம் பேச்சுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி. தன் வயதுப் பிள்ளை நீட்டும் பந்தை வாங்கவே பல பிள்ளைகள் முதலில் கையை நீட்டுகின்றன.

மற்றப் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். “அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம்? எங்க பிள்ளைக்கும் ஒட்டுமா?” என்பார்கள். பெருமூளை வாதம், டவுன் நிலை, ஓட்டிசம், பேச்சுத் தாமதம் எதுவும் தொற்றாது. இதை அழுத்தமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன நிலை, என்ன மருந்து என்பவற்றை அதன் பெற்றோரைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள். பீலிக்கரையில் போகும் பேச்சு மாலைக்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிடும்.

பாஷை தெரியாவிட்டால்

வருபவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் பாதிதான் விளங்கும். இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு பெரியவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் தம்பியைப் பற்றி ஒரு பிள்ளை கேட்கக்கூடாதவையும் அந்தப் பேச்சில் வரும்.

செய்முறையை ஒரு தாளில் படமாக வரைந்து தரச்சொல்லுங்கள். பெற்றோர் சம்மதித்திருந்தால், நீங்கள் செய்து காட்டுவதை உங்கள் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைக்கலாம். மாலையில் தாய் வந்ததும் அதைக் காட்டலாம். அந்த வீடியோவை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது.

பேச்சுப் பழகும் பிள்ளையிடம் எந்தப் பாஷையில் பேசுவது என்ற குழப்பம் பல வீடுகளில் உண்டு. வீட்டில் எந்தப் பாஷையில் கொஞ்சுகிறீர்களோ, அதிலேயே பேசுங்கள். பிள்ளைக்காக அதை மாற்றவேண்டியதில்லை.

போகும் முன் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

சிகிச்சையாளர் பையை எடுக்கும் முன் இவற்றைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

1. அடுத்த வருகைவரை நான் செய்யவேண்டிய ஒன்று அல்லது இரண்டு வேலைகள் எவை?
2. அவற்றை நாளில் எந்த நேரத்தில் செய்வது? குளிப்பாட்டும்போதா, ஊட்டும்போதா, உடுப்பு மாற்றும்போதா?
3. எதைச் செய்யக் கூடாது?
4. என்ன நடந்தால் நிறுத்த வேண்டும்? யாருக்குச் சொல்ல வேண்டும்?
5. அடுத்து எப்போது வருவீர்கள்? வர முடியாவிட்டால் எப்படி அறிவிப்பீர்கள்?

முதல் கேள்வி மிக முக்கியம். பத்துப் பயிற்சிகள் எழுதித் தந்தால், ஐந்து பிள்ளைகளைப் பார்க்கும் உங்களால் அவற்றைச் செய்ய முடியாது. “இத்தனை பிள்ளைகளோட எனக்கு இரண்டுதான் முடியும், எந்த இரண்டு?” என்று தயங்காமல் கேளுங்கள். செய்ய முடியாததை முடியும் என்று சொல்லி அனுப்பினால், அடுத்தமுறை அவர் தவறான முடிவுக்கு வருவார். செய்த நாட்களுக்கு மட்டும் கொப்பியில் ஒரு சரி போடுங்கள். செய்யாத நாட்களை வெறுமையாக விடுங்கள். வெறுமையைப் பார்த்தும் அவருக்கு ஒரு விஷயம் விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: சோறூட்டும் வேளை

பெருமூளை வாதம் உள்ள நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். உடம்பு விறைப்பு, தானே இருக்க முடியாது. பலர் செய்வதுபோல் மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊட்டினால், சோறும் தண்ணியும் சுவாசக் குழாய்க்குள் போகலாம். அடிக்கடி சளி, காய்ச்சல், நியூமோனியா வருவதற்கு இது ஒரு காரணம்.

சிகிச்சையாளர் இந்த வேளையில் வந்தால் பொதுவாகப் பழக்குபவை இவை: பிள்ளையை நிமிர்த்தி இருத்துவது, தலை நடுவிலும் நாடி சற்றுக் கீழேயும் இருக்கும்படி பார்ப்பது, பிள்ளையின் முகத்துக்கு நேராக நீங்கள் தாழ்ந்து உட்கார்ந்து ஊட்டுவது, கொஞ்சமாக வைத்து விழுங்கும்வரை காத்திருப்பது, சாப்பிட்டு முடிந்ததும் அரை மணி நேரமாவது நிமிர்த்தியே வைப்பது. சாப்பாட்டை எவ்வளவு மசிப்பது, தண்ணியை எப்படிக் கொடுப்பது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதைச் சிகிச்சையாளரே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு நேரம் கூடுதலாக எடுக்கும். அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். மற்றப் பிள்ளைகளுக்கு முதலில் சோறு கொடுத்துவிட்டு, அவர்கள் தூங்கும் வேளையில் இந்தப் பிள்ளைக்கு ஊட்டலாம். அல்லது எல்லோரையும் வட்டமாக இருத்தி, தானே சாப்பிடும் பிள்ளைகளுக்கு நடுவில் இந்தப் பிள்ளைக்கு ஊட்டலாம். எது உங்கள் வீட்டில் சரிவரும் என்பதைச் சிகிச்சையாளரோடு பேசி முடிவெடுங்கள்.

ஊட்டும்போது பிள்ளை அடிக்கடி இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால், மூச்சுத் திணறினால், உதடு நீலமானால் ஊட்டுவதை நிறுத்துங்கள். மூச்சுத் திணறல் தொடர்ந்தால் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ இரும்போ தண்ணியோ வைக்காதீர்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், முதல் முறை வந்த வலிப்பாக இருந்தாலும் 1990ஐ அழையுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்

ஊவா மலைகளில் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை கடுமை. பாதை உடையும், பஸ் நிற்கும், மூட்டம் இறங்கும். சிகிச்சையாளர் இரண்டு மாதம் வராமல் போகலாம். ஆகவே செப்டெம்பர் வருகையில், “மழைக்காலம் முழுக்க நான் எதைச் செய்துகொண்டிருக்க வேண்டும்?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெற்றோர் சம்மதத்தோடு தொலைபேசியில் வீடியோ அனுப்பி ஆலோசனை கேட்க முடியுமா என்றும் பேசி வையுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். நடக்க முடியாத பிள்ளை இருக்கும் வீடு அதுவரை காத்திருக்கக் கூடாது. பிள்ளையை யார் தூக்குவது, எந்தப் பாதையால் போவது, மருந்துப் பையை யார் எடுப்பது என்று இப்போதே பெயர் சொல்லிப் பேசி முடியுங்கள். சிகிச்சையாளரிடம், முதுகில் கட்டித் தூக்கும்போது இந்தப் பிள்ளையின் தலையையும் இடுப்பையும் எப்படித் தாங்குவது என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

பிள்ளையின் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பும்

வருபவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சில விதிகளை எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பின்பற்றுங்கள்.

முதல் தடவை வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெயர், எந்தக் காரியாலயம், வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள்.

பிள்ளையையும் வந்தவரையும் கதவு சாத்திய அறையில் தனியாக விடாதீர்கள். உடுப்புக் கழற்றவேண்டிய பரிசோதனை என்றால் தாயோ நீங்களோ பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல சிகிச்சையாளர் இதைத் தானே கேட்பார்.

இறுகிய கைகாலைப் பலாத்காரமாக இழுத்துப் பிள்ளை கதறினால், “நிறுத்துங்க” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பேசத் தெரியாத பிள்ளைக்கு அழுகைதான் பேச்சு.

பிள்ளையின் உடம்பில் காயமோ தடிப்போ கண்டால் அன்றே பெற்றோரிடம் சொல்லி, திகதியோடு எழுதுங்கள். துன்புறுத்தல் என்று சந்தேகித்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

எங்கே கேட்பது?

இதுவரை எந்தச் சிகிச்சையாளரும் வரவில்லை என்றால், குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் வளர்ச்சி பற்றிய சந்தேகத்தை அவரிடம் சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரி ஊடாக ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்புவார். “போகப்போகச் சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். சிறு வயதில் தொடங்கினால் பலன் அதிகம்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாதாந்தக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி, காதுக் கருவி, வீட்டில் சாய்தளம் கட்ட உதவி ஆகியவற்றில் உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவது எது என்று கேளுங்கள். வீடு மாறியதால் பிரதேச செயலகப் பிரிவோ கிராம உத்தியோகத்தர் பிரிவோ மாறியிருந்தால், பழைய பிரிவில் உள்ள கோவையைப் புதிய இடத்துக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பராமரிப்பைப் பற்றியும் அங்கேயே பேசுங்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் பதிவு, பயிற்சி பற்றிச் சொல்வார்கள்.

சட்டமும் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் சேர்க்கும்போது இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஐந்து வயதில் இந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைதான். இப்போது உங்கள் வீட்டுப் பாயில் நிமிர்ந்து இருக்கவும், கையில் கரண்டி பிடிக்கவும், “வேணும்”, “வேணாம்” என்று காட்டவும் பழகினால், அன்று வகுப்பில் இருப்பது அதற்கு இலகுவாகும்.

இந்தக் கிழமை செய்யவேண்டியவை

ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, மருந்து, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், 1990, 117, 1929 ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாவது பக்கத்தில் பெற்றோரின் சம்மதக் கையெழுத்தை வாங்குங்கள். மூன்றாவது பக்கத்தில் மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் எழுதி வையுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், வருகை நாளில் உதவிக்கு வரும் பெரியவர் யார் என்று முறை போடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஊட்டக் கூடுதல் நேரம் எடுப்பதால் உங்கள் மாதத் தொகையில் ஏதும் மாற்றம் வேண்டுமா என்பதையும் அதே கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசுங்கள். கஷ்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நாள் திடீரென்று “இனி முடியாது” என்று சொல்வதைவிட, முதலிலேயே கேட்டுத் தீர்ப்பது பிள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.